ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

போன கோடையில் சித்தூரில் ஒரு மருத்துவமனையில் என் மகளுக்கு ஆகாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிழைத்துக்கொண்டாள், இதை எழுதும்போது பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள், ஏடு புரளும் சத்தம் கேட்கிறது. அன்று அவளை அங்கே கூட்டிப்போனவன் என் தம்பி. குற்றம் முழுவதும் அவன் தலையில் விழுந்தது. என் கணவர் அவனை வாசலில் நிற்கவைத்தே பேசினார். அவன் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனான். அதன் பிறகு நாலு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவன் மேல் தப்பில்லை என்று எனக்கு மூன்று வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தப்பு நடந்த இடம் என் கையால் செய்யப்பட்டது.

நான் செய்யும் வேலையை எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஆந்திராவில் குடிபாலா பக்கம், வேலூர் எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பாவை நைனா என்போம், அடுத்தவர் காட்டில் கரும்பு வெட்டியவர். பத்தாவது வரை தமிழில் படித்தேன், பிளஸ் டூவுக்குச் சமமான இன்டர் தெலுங்கில், எம்.சி.ஏ. திருப்பதியில் ஆங்கிலத்தில். படித்து முடித்த வருஷம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் பெங்களூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன். தம்பி பத்தாவதோடு நின்று, நைனாவுக்குப் பட்டாவில் கிடைத்த சின்ன நிலத்தைப் பார்த்துக்கொண்டான். நிலத்தில் வேலை இல்லாத நாளில் மற்றவர்கள் தோப்பில் மாங்காய் ஏற்றப் போவான்.

இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பும்போது தேதி தேர்ந்தெடுக்க ஒரு சின்ன நாள்காட்டி விரியும், மாவட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இறங்கும். இவற்றை ஒவ்வொரு நிறுவனமும் புதிதாகச் செய்வதில்லை. ஒருவர் ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டால் மற்றவர்கள் எடுத்துத் தங்கள் பக்கத்தில் பொருத்திக்கொள்வார்கள். காம்போனென்ட் என்போம். அதை எங்கே எடுத்து வைத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். வைக்கிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லாதபடி இருக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இவற்றை வடிவமைப்பதுதான் என் பொறுப்பு. ஒரு பொத்தானின் மூலை எவ்வளவு வளையலாம் என்று ஒரு வாரம் விவாதித்திருக்கிறோம். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பொத்தான் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ மேசைகளில் போய் உட்காரப் போகிறது என்று தெரிந்தால் விவாதிக்கத்தான் தோன்றும்.

நைனா உயிரோடு இருந்தபோது ஒருமுறை கேட்டார்.

"அப்ப நீ கம்ப்யூட்டர் செய்றியா?"

"இல்ல நைனா. கம்ப்யூட்டர்ல தெரியுதே பொட்டி, அத செய்றேன்."

"பொட்டில இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. வேலை செய்றவங்க அதுல எழுதிக்குவாங்க."

நைனா தம்பியைப் பார்த்தார். "காலிப் பொட்டிக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கறான் பாருடா. நீ கரும்பு ஏத்திகினு கெட."

வீட்டில் முதலில் செல்போன் வாங்கியவள் நான். அதனால் ரேஷன் அட்டை, கேஸ், வங்கி, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று எங்கே நம்பர் கேட்டாலும் என் நம்பரையே கொடுத்தார்கள். தம்பிக்குத் தனியாகப் போன் வந்த பிறகும் அது மாறவில்லை. அவன் நம்பர் அடிக்கடி மாறும். ரீசார்ஜ் போடாமல் செத்துப்போகும். அக்கா நம்பர் மாறாது, அதோடு அக்கா ஆங்கிலம் படிப்பாள். எங்கள் பக்கத்தில் படித்து வெளியூர் போன பிள்ளை இருக்கிற வீடுகளில் இது சாதாரணம். ஒரு நம்பருக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கும். பெங்களூரில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன், போன் அடிக்கும்.

"யக்கா, ஓடிபி வந்துச்சா பாரு."

"மீட்டிங்ல இருக்கேன்டா."

"கேஸ்காரன் சிலிண்டர எறக்காம நிக்கிறான்க்கா. நாலு நம்பர் தானே, சொல்லிட்டு உன் மீட்டிங்ல போய் பேசிகினே இரு."

சொல்வேன். இப்படிப் பல வருஷம்.

அந்த வருஷங்களில்தான் ஆள் தேடும் பெட்டியைச் செய்தேன். மருத்துவமனை, பல் டாக்டர், டியூஷன் சென்டர் மாதிரி இடங்களில் வரவேற்பு மேசைக்கென்று செய்தது. வந்தவரின் போன் நம்பரைத் தட்டினால், முன்பு வந்திருந்தால் அவர் விவரம் ஒரு சின்ன அட்டையாக வந்து நிற்கும். பத்தாவது இலக்கத்தைத் தட்டியதும் ஓரத்தில் ஒரு பச்சை டிக் மெல்ல எழும். அது எழும் வேகத்தை நான்தான் தீர்மானித்தேன். முன்பே தெரிந்த கேள்விகளைத் திரும்பக் கேட்டு ஆட்களைச் சலிப்பூட்டக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் அட்டை வந்துவிட்டால் மற்றக் கேள்விகள் எல்லாம் மடங்கி மறைந்துகொள்ளும். மேசையில் இருப்பவர்கள் நம்பரைத்தான் பார்க்கிறார்கள், பெயரைப் பார்ப்பதில்லை என்று பெங்களூரில் சில இடங்களில் உட்கார்ந்து கவனித்தோம். ஆகவே நம்பரைப் பெரிதாகவும் பெயரைச் சின்னதாகவும் வைத்தேன். பெயர் நீளமாக இருந்தால் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். பார்க்க மிகவும் சுத்தமாக இருந்தது. எங்கள் தொகுப்பிலேயே அதிகம் பேர் எடுத்துக்கொண்டது அந்தப் பெட்டியைத்தான்.

அதைச் சோதித்த பெண் ஒருத்தி ஒரு கூட்டத்தில் கேட்டாள், ஒரே நம்பரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்யும் என்று. கடைசியாக வந்தவரைக் காட்டும் என்றேன். மற்றவரை எப்படி எடுப்பது என்றாள். அது எப்போதாவது நடப்பது, அதற்காக எல்லோருக்கும் ஒரு கூடுதல் சொடுக்கு வைக்க முடியாது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்திலா வேறொன்றிலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு தம்பிக்கு ஓடிபி அனுப்பியபடியே பேசியது நினைவிருக்கிறது. அடுத்த பதிப்பு வந்தது. அதில் வண்ணங்களை மாற்றினோம்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றானதும் திருப்பதிக்கு வந்துவிட்டோம். என் கணவருக்கு இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. மகள் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் தம்பி வீட்டுக்குப் போவாள். அவனுக்கும் ஒரே பெண், என் மகளைவிட ஐந்து மாதம் சின்னவள். எங்கள் வழக்கப்படி இரண்டு பேருக்கும் குலதெய்வத்தின் பெயர்தான் முதலில் வரும், அதற்குப் பிறகுதான் அவரவர் பெயர். வீட்டில் அந்தப் பின்பாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அந்தக் கோடையில் மாந்தோப்பில் என் மகள் காலில் ஒரு முள் ஏறியது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் நடந்திருக்கிறாள். மூன்றாம் நாள் காலை தம்பி போன் செய்தான்.

"யக்கா, பாப்பாவுக்கு கால் வீங்கிகினு கீது. ஜுரமும் அடிக்குது. சித்தூருக்கு வண்டியில இட்டுகினு போறேன்."

எனக்கு அப்போது வேலைக் கூட்டம் ஒன்று தொடங்கவிருந்தது. என் மகளுக்கு ஒரு வகை மருந்து ஆகாது. நாலு வயதில் அதைச் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய், பெங்களூர் டாக்டர் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்திருந்தார். தம்பிக்கு விஷயம் தெரியும், மருந்தின் பெயர் தெரியாது.

"அங்க போனா எந்த மருந்தாவது ஆகாதான்னு கேப்பாங்கடா. கேட்டதும் எனக்கு போன் போடு. பேர நான் சொல்றேன்."

"கேப்பாங்களா?"

"கண்டிப்பா கேப்பாங்க. எல்லா எடத்துலயும் கேப்பாங்க."

"சரிக்கா."

போனை வைத்துவிட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். போன் அடிக்குமென்று எதிரிலேயே வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அடித்தது. தம்பி அழுதுகொண்டிருந்தான். பின்னால் யாரோ தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஊசி போட்ட சில நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்திருக்கிறது. அங்கிருந்த டாக்டர் சட்டென்று புரிந்துகொண்டு மாற்று மருந்து கொடுத்ததால் உயிர் நின்றது. ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு அனுப்பினார்கள். நானும் என் கணவரும் திருப்பதி மருத்துவமனை வாசலில் வெயிலில் நின்றோம். சித்தூரிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தபோது உள்ளே படுத்திருந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உதடும் கண்ணும் ஒன்றாகியிருந்தன. காலில் இருந்த கட்டைப் பார்த்துத்தான் அவள் என்று தெரிந்தது. தம்பி ஒரு கையில் அவள் கையையும் மறு கையில் தன் போனையும் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அன்றுதான் என் கணவர் சித்தூரிலிருந்து வந்த காகிதத்தைப் படித்தார். அதில் என் மகள் பெயர் இல்லை. தம்பி மகளின் பெயர் இருந்தது, அவள் வயது இருந்தது. இந்த ஊசி முன்பே போடப்பட்டது, ஒவ்வாமை இல்லை என்றும் இருந்தது. முதல்முறை போடும்போது கொஞ்சம் போட்டுப் பார்ப்பார்களே, அதைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம் அந்த வரிதான்.

வீட்டுக்கு வந்த பிறகு தம்பி பாப்பாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். செருப்பைக் கழற்றியவனை என் கணவர் உள்ளே விடவில்லை.

"உம் பொண்ணு பேர்ல எம் பொண்ண சேத்தியா?"

"நான் எதுக்கு மாமா அப்பிடி..."

"எதுக்கா? உங்கிட்ட இலவச வைத்திய அட்டை இருக்கு. எங்கிட்ட கிடையாது. அக்காவ கேட்டா குடுக்க மாட்டாளா? நாலு காசு மிச்சம் பண்ணவா எம் பொண்ணு உயிரோட வெளையாடின?"

"அட்டைய நான் எடுத்துகினே போவல மாமா."

"அப்ப பேரு எப்பிடி மாறிச்சு?"

தம்பி பழப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தம்மா நம்பர கேட்டுச்சு, குடுத்தேன். பேர பாதி படிச்சிட்டு இதானான்னுச்சு. ஆமான்னேன். அங்க எங்கியோ நான் தப்பு பண்ணிட்டேன் மாமா."

"பண்ணிட்ட இல்ல? போ."

நான் உள்ளே சமையலறைக் கதவருகில் நின்றிருந்தேன். அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்: அட்டைக்காக அவன் அப்படிச் செய்திருப்பான் என்று நானும் பாதி நம்பினேன். எங்களிடமில்லாத ஓர் அட்டை அவனிடம் இருந்தது என்பது மட்டுமே அதற்குக் காரணம்.

பத்து நாள் கழித்து ஒரு பகலில் போன் செய்தான்.

"யக்கா, ஒரு ஓடிபி வரும். சொல்லு."

"கேஸா?"

"இல்ல. புதுசா சிம் வாங்கிட்டேன். அல்லாத்துலயும் நம்பர மாத்தறேன். மாத்தணும்னா பழைய நம்பருக்குத்தான் வருதாம்."

"இப்ப எதுக்குடா மாத்தற?"

"இனிமே உன் நம்பர் எங்க பேர்ல எதுக்கும் வேணாம்க்கா. எங்களால உங்களுக்கு ஒண்ணும் வரக் கூடாது."

அன்று மாலை வரை ஒவ்வொன்றாக வந்தது. வங்கி, ரேஷன், பள்ளிக்கூடம். வர வர நான் படித்தேன். அவன் ஒவ்வொரு முறையும் சரிக்கா என்று சொல்லி வைத்தான்.

அடுத்த வாரம், போட்ட மருந்தின் அளவு தெரிய வேண்டும் என்று திருப்பதி டாக்டர் கேட்டார். நான் சித்தூருக்குப் போனேன். அட்டை விஷயத்தையும் அங்கேயே கேட்டுவிடலாம் என்று மனதில் வைத்திருந்தேன். சந்திரகிரி தாண்டும் வரை அந்த வரவேற்பு மேசையில் இருப்பவளிடம் என்னென்ன கேட்பது என்று யோசித்தபடி போனேன். மேசையில் இருந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். நான் யார் என்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"நம்பர் கொடிதே அதே வச்சேஸ்துந்தி மேடம்" என்றாள். நம்பரைத் தட்டினால் அதுவாக வந்துவிடுகிறது, தான் எதையும் எழுதவில்லை என்று. நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினாள். "நீங்களே பாருங்க மேடம், நான் பொய் சொல்லல."

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். என் நம்பரைத் தட்டினாள். பத்தாவது இலக்கத்தில் ஓரத்தில் ஒரு பச்சை டிக் மெல்ல எழுந்தது.

அது என் பெட்டி. நிறத்தை மாற்றியிருந்தார்கள், மேலே மருத்துவமனையின் சின்னம் இருந்தது. ஆனால் அந்த டிக், பெரிய நம்பர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் குலதெய்வத்தின் பெயர், அதற்குப் பிறகு மூன்று புள்ளி. தம்பி மகள் அதற்கு முந்தின வருஷம் நாய்க்கடிக்கு அங்கே வந்திருந்தாள். காயம் புண்ணாகி இதே ஊசியைப் போட்டிருந்தார்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் மடங்கிப்போயிருந்தன.

"இதுல ஆகாத மருந்து பத்தி கேக்கற எடம் எங்க இருக்கு?" என்றேன்.

"பழைய பேஷன்ட்டுன்னா வராது மேடம். அதான் டிக் வந்துடுச்சே." அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தொடர்ந்தாள். "முன்ன ஒவ்வொண்ணா கேட்டு டைப் பண்ணணும், லைன் வெளிய வரைக்கும் நிக்கும். இது வந்தப்புறம் நல்ல ஈசி."

இலவச அட்டை எதுவும் காட்டவில்லை, அவனே பணம் கட்டினான் என்று அவள் பில்லை எடுத்துக் காட்டினாள். கீழே தம்பியின் கையெழுத்து இருந்தது.

மறுநாளே அலுவலகத்தில் குறையைப் பதிவு செய்தேன். ஒரு மருத்துவமனையில் ஆள் மாறிவிட்டது என்று எழுதினேன். அந்த ஆள் யார் என்று எழுதவில்லை. பெட்டியை நானே திருத்தினேன். ஒரு நம்பரில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரையும் காட்ட வேண்டும், பெயரை வெட்டக் கூடாது, மருந்து பற்றிய கேள்வி எப்போதும் மடங்கக் கூடாது. செய்ய இரண்டு நாள்தான் ஆயிற்று. ஆனால் பழையதை எடுத்துப்போனவர்கள் தாமாகப் புதியதை எடுத்துக்கொண்டால்தான் மாறும். யார் யார் எடுத்தார்கள் என்ற முழுப் பட்டியல் எங்களிடம் இல்லை. யாரும் கேட்காமலே எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லலாம் என்று நினைப்பேன். என் கணவர் சாப்பிடும்போது எப்போதாவது உன் தம்பி என்று தொடங்குவார், நான் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடுவேன். மகள் மாமா ஏன் வருவதில்லை என்று கேட்டாள். வேலை இருக்கும் என்றேன். அவள் இரவில் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க எழுந்து போகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பார்த்துவிட்டு வந்து படுத்தால், தம்பி செருப்பு மாட்டியது கண்ணில் வரும்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தம்பி வீட்டு முன்னால் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவியும் மகளும் ஏதோ காரியமாக மனைவியின் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"தப்பு உன்னுது இல்லடா" என்றேன். "அந்த ஆஸ்பத்திரில நம்பர் தட்டினாங்களே, அந்தப் பொட்டிய செஞ்சது நான்."

அவன் நிமிரவில்லை. "சும்மா இருக்கா. எம்மேல கீறத எடுத்து உம்மேல போட்டுக்க வந்துகீற."

"நெஜமா சொல்றேன்."

"நீ பெங்களூர்ல வேல செஞ்ச. சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நீ எங்க வந்த?"

இதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்து கணினியைத் திறந்தேன். பழைய பெட்டியைச் சோதனைக்காக வைத்திருந்தேன். அதில் என் நம்பரில் என் மகளையும் அவன் மகளையும் சேர்த்தேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என் நம்பர போடு" என்றேன்.

ஒரு விரலால் தட்டினான். பார்க்காமலே தட்டினான், அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம். டிக் எழுந்தது.

"இதான். இதேதான் வந்துச்சு" என்றான். நான் அட்டையைத் தட்டி முழுப் பெயரை விரித்ததும் திரையை நெருங்கிப் பார்த்தான். "இது எம் பொண்ணு இல்ல? உம் பொண்ணு எங்க?"

"அதுக்குப் பின்னால இருக்கா. காட்டாது."

"ஏன் காட்டாது?"

"ஒரு நம்பருக்கு ஒரு ஆளக் காட்டினா போதும்னு நான் வச்சேன்."

"நம்ம வீட்டுல அல்லாருக்கும் உன் நம்பர்தானக்கா."

"ஆமா."

"அது உனக்கு தெரியாதா?"

"தெரியும்டா."

அவன் வண்டிப் பக்கம் போய் உட்கார்ந்தான். எதையும் எடுக்கவில்லை.

"அன்னிக்கு போன கையிலயே வச்சிகினு நின்னேன்க்கா. இப்ப கேப்பாங்க, இப்ப கேப்பாங்கன்னு. ஊசிய எடுத்துகினு வந்தப்ப கூட, கேட்டுட்டுத்தான் போடுவாங்கன்னு நெனச்சேன். நீ கண்டிப்பா கேப்பாங்கன்னு சொன்ன இல்ல? நானா சொல்லியிருக்கணும். அத நெனச்சி நெனச்சி சோறு துன்ன முடியல."

நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன்; அழுகைதான் முன்னால் வந்தது.

"இந்தப் பொட்டி இன்னும் எங்கெல்லாம் கீது?" என்று கேட்டான்.

"முழுசா தெரியாது."

"அத போய் பாரு மொதல்ல. எங்கிட்ட உக்காந்துகினு அழுதா ஆச்சா?" சொல்லிவிட்டு, "மாமாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"இன்னும் சொல்லல."

"சொல்லாத. அந்த ஆளு என்னத் திட்டினாரு, நான் கம்முனு வாங்கிகினு வந்துட்டேன். உன்ன திட்டினா பாப்பா வீட்டுல உக்காந்து கேட்டுகினு இருக்கும்."

அன்று மாலையே என் கணவரிடம் சொன்னேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ஜூன்ல."

விரலை விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. "அதுக்கப்புறமும் நான் அவனப் பத்தி பேசினப்ப எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?" என்றார். எழுந்து வெளியே போனார். பெட்டியைச் செய்ததற்கு அவர் என்னை அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் இரண்டு வாரம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. நான் பகலில் பெட்டியை வைத்திருக்கும் இடங்களைத் தேடி, கிடைத்த ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். சிலர் நன்றி சொல்லி மாற்றினார்கள். பலர் பதில் போடவில்லை. சித்தூரில் அந்த மருத்துவமனைக்கு நானே மறுபடி போய், மாறும் வரை கூட இருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பரில் மகளைத் திருப்பதி மருத்துவமனையில் மறுபடி காட்ட வேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் என் கணவர் கூடத்தில் நின்றுகொண்டு போன் செய்தார். நான் சமையலறையில் இருந்தேன்.

"நாளைக்குப் பாப்பாவுக்கு டாக்டரப் பாக்கணும். எனக்கு ஆபீஸ்ல லீவு இல்ல. நீ வந்து கூட்டிக்கிட்டுப் போறியா?"

அவருக்கு லீவு இருந்தது. எனக்குத் தெரியும். மறுமுனையில் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. "காலையில வந்துடு. இங்கியே சாப்பிட்டுக்கலாம்" என்றார்.

வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நின்றான். உள்ளே வா என்று என் கணவர் சொன்ன பிறகுதான் வந்தான். மருத்துவமனைக்கு நானும் போனேன். மேசைக்குப் பக்கத்தில் போகாமல் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவனும் மகளும் வரிசையில் நின்றார்கள். முறை வந்தபோது அங்கிருந்த பெண் நம்பரைக் கேட்டுத் தட்டினாள். அது எந்தப் பெட்டி என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரைப் பாதி படித்து, இதுதானே என்று தலையசைத்தாள்.

தம்பி தலையசைக்கவில்லை. இரண்டு கையையும் மேசை மேல் ஊன்றிக்கொண்டு தெலுங்கில் சொன்னான். "பேரு பூர்த்திகா சதவம்மா."

பெயரை முழுதாகப் படிக்கச் சொன்னான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் முழுப் பெயரையும் வயதையும் படித்தாள். சரி என்றான். பிறகு அவள் எதுவும் கேட்கும் முன்பே, ஆகாத மருந்து ஒன்று இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் மகளும் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் என் பக்கம் திரும்பவில்லை. மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, எங்கும் தடுக்காமல் சொன்னான். அவள் தட்டி முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.